ரசாயன விபத்துக் களத்தின் தலைவரும் பாதுகாப்பு அலுவலரும்: நெல்லைச் சீமைக்கான பயிற்சி வழிகாட்டி

நான்குவழிச் சாலையில் கயத்தாறுக்கும் தாழையூத்துக்கும் நடுவே ஒரு டேங்கர் கவிழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். கால் மணி நேரத்தில் ரோந்து போலீஸ் வந்துவிடும். தீயணைப்பு வண்டி, 108, ஒரு கிரேன் எல்லாம் வந்துவிடும். பெட்ரோல் என்று கேள்விப்பட்டுக் குடமும் கேனுமாக ஒரு கூட்டமும் வந்துவிடும். எல்லோரும் எதையோ செய்துகொண்டிருப்பார்கள். "இங்க யாரு பொறுப்பு?" என்று கேட்டால் நாலு கை நாலு திசையைக் காட்டும். ரசாயன விபத்தில் ஆள் சாவது பெரும்பாலும் ரசாயனத்தின் வீரியத்தால் மட்டும் இல்லை, இந்தக் குழப்பத்தாலும்தான்.

குழப்பத்தைத் தீர்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் களத் தலைவர், அதாவது இன்சிடென்ட் கமாண்டர். இன்னொருவர் களப் பாதுகாப்பு அலுவலர், அதாவது சேஃப்டி ஆபீசர். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்ட சம்பவ எதிர்வினை முறையில் இரண்டு பொறுப்புகளும் தெளிவாக வகுக்கப்பட்டுள்ளன. மாவட்ட அளவில் முழுப் பொறுப்பும் ஆட்சியருக்கு. களத்தில் ஆளை நடத்துபவர் கமாண்டர். ஆபத்தான வேலையை நிறுத்தும் அதிகாரம் சேஃப்டி ஆபீசருக்கு.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். தொழிற்சாலைகளில் 'சேஃப்டி ஆபீசர்' என்பது வருடம் முழுக்க இருக்கும் பதவி. களத்தில் அது அந்தச் சில மணி நேரத்துக்கான வேலை. ஆலையின் சேஃப்டி ஆபீசரையே விபத்தன்று கமாண்டராகவும் போட்டுவிடுவது பரவலான பழக்கம். ஒரே ஆள் முடுக்கவும் வேண்டும், பிரேக் போடவும் வேண்டும் என்றால் பிரேக்தான் தோற்கும். இரண்டு வேலைக்கும் இரண்டு ஆள் தயார் செய்யுங்கள். விடுப்பு, இரவு ஷிப்ட் எல்லாம் பார்த்தால் பொறுப்புக்கு மூன்று பேர் வீதம் ஆறு பேர் வேண்டும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

வால்வு திருகுவதில் கெட்டிக்காரரைத் தலைவராக்காதீர்கள். கசிவைப் பார்த்ததும் அவருக்குக் கை துறுதுறுக்கும், ஸ்பேனரோடு உள்ளே போய்விடுவார். வெளியே நின்று, கேட்டு, எழுதி, முடிவு சொல்லத் தெரிந்தவர்தான் தலைவர். பாதுகாப்பு அலுவலருக்கோ தனக்கு மேலே உள்ளவரிடம் "முடியாது சார்" என்று சொல்லும் துணிவு வேண்டும். "ஐயா சொல்லிட்டாங்க" என்று தலையாட்டுபவர் எவ்வளவு படித்திருந்தாலும் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

இருவருமே முதலில் சாதாரண மீட்பாளராக மூச்சுக்கருவி மாட்டி, ரசாயன உடை போட்டு வேர்த்தவர்களாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் தொழில்பாதுகாப்பு விதி, களத் தலைவராகப் பொறுப்பேற்பவருக்குக் குறைந்தது 24 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. அளவுகோலாக அது சரிதான், ஆனால் அது குறைந்தபட்சம். இங்கே சொல்லப்படுவது ஐந்து நாள் பாடம்: ஒரு நாள் ஊர் சுற்றிப் பார்க்க, ஒரு நாள் அட்டைகளும் மணல்மேசையும், இரண்டு நாள் கருவிகளோடு, கடைசி நாள் முழு ஒத்திகை. ஒரு வகுப்புக்கு 12 பேர், இரண்டு பயிற்றுநர். அதற்கு மேல் போனால் பின்வரிசையில் இருப்பவர் வேடிக்கை பார்ப்பவராகிவிடுவார்.

முதல் நாள்: ஊரைப் படிப்பது

வகுப்பறையில் ஆரம்பிக்காதீர்கள். மூன்று பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து வண்டியில் அனுப்புங்கள். தாமிரபரணிக் கரையோரக் குடிநீர் நிலையங்களில் குளோரின் இருக்கும்: 100 கிலோ சிலிண்டர் அல்லது டன்னர் எனப்படும் 900 கிலோ பெரிய உருளை. ஐஸ் பிளான்ட், குளிர்பதனக் கிடங்குகளில் அம்மோனியா. தூத்துக்குடித் துறைமுகப் பக்கமிருந்து அமிலமும் எரிபொருளும் டேங்கரில் உள்நாட்டுக்கு வரும். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டிக்கான பொட்டாசியம் குளோரேட். ஊருக்கு ஊர் பூச்சிமருந்துக் கடை. கூடங்குளம் பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பார்கள். கதிர்வீச்சுக்கான ஏற்பாடு தனி. இந்தப் பாடத்தில் அந்த மூவிதழ் அடையாளத்தைக் கண்டால் விலகி நின்று உரியவர்களுக்குச் சொல்லத் தெரிந்தால் போதும்.

ஒவ்வோர் இடத்திலும் ஆறு விஷயத்தை எழுதி வரச் சொல்லுங்கள். பொருள் எவ்வளவு? அடைக்கும் வால்வு எங்கே? சாவி யாரிடம்? இரவில் யாரைக் கூப்பிடுவது? காற்றுப் போகும் பக்கம் எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம்? சிந்தினால் எந்த வாய்க்காலில் இறங்கும்?

கடைசிக் கேள்வி நம் சீமைக்கு உயிர்நாடி. அரியநாயகிபுரம் அணையிலிருந்து கோடகன் கால், பழவூர் அணையிலிருந்து பாளையங்கால், சுத்தமல்லி அணையிலிருந்து நெல்லைக் கால். இவை வயலுக்கும் குளத்துக்கும் ஊருக்கும் நடுவே ஓடுகின்றன. அமில டேங்கர் வாய்க்காலோரம் சாய்ந்தால் கூப்பிட வேண்டியவர்களில் மதகைக் கவனிக்கும் நீர்வளத்துறைப் பணியாளரான லஸ்கரும் ஒருவர். மதகை எவ்வளவு நேரத்தில் இறக்க முடியும், ஷட்டர் உண்மையிலேயே இறங்குமா, துருப்பிடித்துக் கிடக்கிறதா என்பதை அன்றைக்கே அவரோடு நின்று பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் மேற்கிலிருந்து பாய்கிற காற்று பலமானது. வாயுவைச் சிதறடிக்கும், ஆனால் நேர்கோட்டில் தூரம் கொண்டுபோகும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை, திசை தலைகீழ். உவரி, கூட்டப்புளி போன்ற கடலோரங்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று, இரவில் நிலக்காற்று. காலை 9 மணிக்குச் சரியான இடத்தில் போட்ட கட்டளை முகாம் மதியம் 2 மணிக்கு வாயுவின் பாதையில் கிடக்கும். அதனால் எப்போதும் இரண்டாவது இடம் ஒன்றையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது காற்றே இல்லாத மார்கழி இரவு. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமான குளோரின், வயல் தாழ்விலும் வறண்ட வாய்க்காலிலும் தண்ணீர் போலத் தேங்கும். சர்வதேசக் கையேடுகளில் இரவுக்கான விலகல் தூரம் பகலைவிட அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாம் நாள்: பலகையைப் படிப்பது

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 134-இன்படி அபாயப் பொருள் ஏற்றும் வண்டியில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். பொருளின் பெயர், அந்தப் பொருளுக்கு உலகெங்கும் வழங்கும் நான்கிலக்க யு.என். எண், ஆபத்து வகைச் சின்னம், அவசரத் தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். கூடவே எப்படிச் சமாளிப்பது என்று சொல்லும், ஓர் எண்ணும் எழுத்துகளும் கொண்ட ஹாஸ்கெம் குறியும் இருக்கும். மனப்பாடம் செய்யாமல் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்.

முதலில் வரும் எண் தணிக்கும் முறை: 1 கரடுமுரடான நீர்த்தெளிப்பு, 2 பனிபோன்ற நுண்தெளிப்பு, 3 நுரை, 4 உலர் பொருள். அடுத்த எழுத்து பி, ஆர், டபிள்யூ, எக்ஸ் ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் முழு ரசாயன உடை. எஸ், டி, ஒய், இசட் என்றால் தீயணைப்பு உடையும் மூச்சுக்கருவியும். பி, ஆர், எஸ், டி-க்கு நீர்க்கச் செய்து கழுவலாம். டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட்-ஐ ஓடவிடாமல் தேக்க வேண்டும். பி, எஸ், டபிள்யூ, ஒய் நான்கும் வன்மையாக வினைபுரியக்கூடியவை. கடைசியில் 'இ' வந்தால் மக்களை அப்புறப்படுத்துவதை யோசி.

குளோரின், யு.என். 1017, குறி 2 எக்ஸ் இ. அதாவது நுண்தெளிப்பு, முழு உடை, தேக்கு, மக்களை நகர்த்த யோசி. பெட்ரோல், யு.என். 1203, 3 ஒய் இ. அம்மோனியா, யு.என். 1005, 2 ஆர் இ. இந்த மூன்றையும் ஒவ்வொருவரும் கரும்பலகையில் பிரித்துக் காட்ட வேண்டும்.

பிறகு வெளியே கூட்டிப்போய், 100 மீட்டர் தள்ளி நிறுத்திய லாரியில் ஒட்டிய பலகையைத் தொலைநோக்கியால் வாசிக்கச் சொல்லுங்கள். பாதியைச் சேறு பூசி மறைத்துவிடுங்கள். சாலையில் நடப்பது அப்படித்தான். வண்டி பலகை இருக்கும் பக்கமே சாய்ந்து கிடக்கும், அல்லது போன மாதச் சரக்கின் பலகை மாற்றாமல் இருக்கும். ஆகவே ஒரே தகவலை நம்பக் கூடாது. பலகை, ஓட்டுநர் அறையிலுள்ள ட்ரெம் கார்டு (சரக்கின் ஆபத்தும் அவசரத்தில் செய்ய வேண்டியதும் எழுதிய அட்டை), சரக்குச் சீட்டு, டேங்கின் வடிவம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும். ஓட்டுநர் பேசும் நிலையில் இருந்தால் அவர்தான் முதல் ஆவணம். கூட்டத்துக்குப் பயந்து அவர் ஓடிவிடுவது வழக்கம். அவரைப் பிடித்து வைத்துத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பதும் தலைவரின் முதல் பத்து நிமிட வேலையில் சேரும்.

முதல் பத்து நிமிடம்

பொருள் தெரியாதவரை காற்று வீசிவரும் பக்கம், மேட்டில், 100 மீட்டருக்குக் குறையாமல் நில். எரிவாயு டேங்கரைத் தீ தொட்டிருந்தால் எல்லாத் திசையிலும் 1600 மீட்டர். பெட்ரோல் டேங்கர் தீயில் இருந்தால் 800 மீட்டர். இந்தத் தூரங்களைக் காகிதத்தில் பார்த்தால் ஆளுக்கு உறைக்காது. மைதானத்தில் 100 மீட்டர் நடக்க வையுங்கள். 1600 மீட்டருக்கு, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் நின்று எந்தத் தெருவரை வருகிறது என்று வரைபடத்தில் வட்டம் போடச் சொல்லுங்கள். வட்டத்துக்குள் விழும் வீடுகளைப் பார்த்ததும் வகுப்பு அமைதியாகிவிடும்.

முதல் வயர்லெஸ் தகவல் ஒரு மூச்சில் முடிய வேண்டும். "நான்குவழிச் சாலை, கங்கைகொண்டான் தெற்கே. டேங்கர் கவிழ்ந்து வலப்பக்கம் சாய்ந்திருக்கு. பலகையில் 1005. வெள்ளைப் புகை தரையோட போகுது. காற்று மேற்கிலிருந்து. எல்லா வண்டியும் மேற்குப் பக்கமா வரணும். தலைமை நான் எடுத்திருக்கேன்." கடைசி வாக்கியத்தை முக்கால்வாசிப் பேர் சொல்ல மறப்பார்கள். அது இல்லாத தகவலைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும்.

அதற்கடுத்துத் தலைவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: நாம் ஒன்றுமே செய்யாவிட்டால் இது எங்கே போய் முடியும்? சில விபத்துகள் தானாக அடங்கும், சில ஒவ்வொரு நிமிடமும் வளரும். உள்ளே உயிரோடு ஆள் இருக்கிறாரா, அவரை எட்டும் நேரமும் உடையும் காற்றும் நம்மிடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆளை அனுப்புவது, தள்ளி நின்று தடுப்பது, விலகி வேடிக்கை பார்ப்பது என்ற மூன்றில் ஒன்றை எடுக்க வேண்டும். வேடிக்கை பார்ப்பதும் ஒரு முடிவுதான். அதைச் சொல்லத் தலைவருக்கு வெட்கம் வரக் கூடாது.

2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் சமையல் எரிவாயு டேங்கர் கவிழ்ந்தது. போக்குவரத்தைத் திருப்பி, பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே பல மணி நேரம் பொறுத்து டேங்கரை அகற்றினார்கள். 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் சாலாவில் அதே வகை விபத்து. பரவிய வாயு தீப்பிடித்து 20 உயிர் போயிற்று. இரண்டையும் மணல்மேசையில் நிமிடம் நிமிடமாகப் போட்டுக் காட்டினால் பற்றவைக்கும் பொறி எவ்வளவு சின்ன விஷயம் என்பது புரியும்.

மணல்மேசை என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஆறுக்கு மூன்றடிப் பலகையில் ஆற்றுமணல், நீலத் துணியில் வாய்க்கால், தீப்பெட்டிகளில் வீடுகள், பஞ்சில் புகைமூட்டம். பயிற்றுநர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு சீட்டு நீட்டுவார்: "காற்று திரும்பியது", "ஓட்டுநர் மயங்கினார்", "பள்ளி விடும் நேரம்". ஒரு சூழலாவது நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று அமையட்டும். ரதவீதியில் வடம் பிடித்து நிற்கும் கூட்டத்தை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று யோசித்துப் பார்த்தவருக்கு வேறெதுவும் கடினமாகத் தெரியாது.

மக்களுக்கு அறிவிக்கும் வாசகங்களையும் அன்றே எழுதி வாசிக்க வையுங்கள். கோயில் மைக்செட், பள்ளிவாசல் ஒலிபெருக்கி, மாதா கோயில் மணி மூன்றும் போலீஸ் ஜீப்பைவிடச் சீக்கிரம் ஊரை எட்டும். ஆனால் வாசகம் பொருளுக்கேற்ப மாறும். குளோரின் என்றால்: "அண்ணாச்சி, அம்மா, யாரும் தெருவுக்கு வராதீங்க. கதவு, சன்னல அடைங்க. ஃபேன், ஏசி நிப்பாட்டுங்க. மாடி இருந்தா மேல போங்க. ஈரத்துணியால கதவிடுக்க அடைங்க." எரிவாயு என்றால் ஃபேனை நிறுத்தச் சொல்வதே தப்பு, சுவிட்சில் வரும் பொறி போதும். "அடுப்ப அணைங்க, சுவிட்சத் தொடாதீங்க, வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க, நடந்தே மேற்கே போங்க." இரண்டையும் மாற்றிச் சொன்னால் அறிவிப்பே ஆளைக் கொல்லும்.

மூன்றாம் நாள்: பாதுகாப்பு அலுவலரின் கணக்குகள்

இங்கேதான் பயிற்சியின் கனம் இருக்கிறது. முதல் கணக்கு காற்று. 6 லிட்டர் சிலிண்டர், 300 பார் அழுத்தம்: 1800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வகுத்து '45 நிமிட சிலிண்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நம்பி ஆளை அனுப்புவதுதான் பெரிய தப்பு.

கேஜில் 280 பார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6 × 280 = 1680 லிட்டர். எச்சரிக்கை விசில் 55 பார் சுமாருக்கு ஊதும். 60 பாரைச் சேமிப்பாக ஒதுக்கினால் 360 லிட்டர் போயிற்று, மீதி 1320. ரசாயன உடைக்குள் வேலை செய்பவர் நிமிடத்துக்கு 60 லிட்டர் இழுப்பார். ஆக 22 நிமிடம். உள்ளே நடந்து போக 4, திரும்ப 4, கழுவிக்கொள்ள 6. கையில் மிஞ்சுவது 8 நிமிடம். இந்த எட்டு நிமிடத்தில் முடியாத வேலைக்கு ஒரே ஜோடியை அனுப்பக் கூடாது, இரண்டு ஜோடியாகத் திட்டம் போட வேண்டும். இன்னொன்று: கடிகாரம் ஓடத் தொடங்குவது முகமூடி மாட்டிய நொடியில். ஜிப் சிக்கிக்கொண்டு இரண்டு நிமிடம் போனால் அந்த இரண்டும் எட்டில்தான் கழியும்.

இதை வெள்ளைப் பலகையில் எழுதி வைக்கும் பழக்கம் வர வேண்டும்: பெயர், மாட்டிய நேரம், அழுத்தம், திரும்ப வேண்டிய நேரம். ஆளுக்கு ஒரு வரி. நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்பவர் தேர்ச்சி பெறக் கூடாது.

இரண்டாவது கணக்கு வெயில். காற்றுப்புகா உடைக்குள் வேர்வை ஆவியாக வழியில்லை. சித்திரை வெயிலில் ரசாயனம் தொடாமலே ஆள் விழுவார். உள்ளே போகுமுன் ஒவ்வொருவருக்கும் நாடி, ரத்த அழுத்தம், வெப்பம், எடை பார்க்க வேண்டும். 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 70 விழுக்காட்டுக்கு மேல் நாடி இருந்தால் அனுப்பக் கூடாது. நாற்பது வயதுக்காரருக்கு அது 126. கீழ் ரத்த அழுத்தம் 105-க்கு மேல், அல்லது வாய்வெப்பம் 37.5 டிகிரிக்கு மேல் என்றாலும் உட்கார வையுங்கள். வெளியே வந்தபின் மறுபடி எடை. 3 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியிருந்தால், 70 கிலோ ஆளுக்கு 2.1 கிலோ, அன்றைக்கு அவருக்கு வேலை முடிந்தது. நிழலுக்குச் சாமியானா, குடிக்க உப்புப் போட்ட மோர், நீராகாரம், ஓ.ஆர்.எஸ். உடைமாட்டி நாற்காலியில் வெயிலில் காத்திருக்க வைப்பது அடிக்கடி நடக்கும் கொடுமை. மாற்று ஜோடி இடுப்புவரை உடையை ஏற்றி நிழலில் இருக்கட்டும்.

மாற்று ஜோடி இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. இருவர் உள்ளே என்றால், அதே தர உடையோடு இருவர் வெளியே தயார்.

மூன்றாவது, வாயுமானி. ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறைந்தாலும் 23.5-ஐத் தாண்டினாலும் ஏதோ சரியில்லை. வாயு காற்றில் எரியத் தொடங்கும் அளவின் 10 விழுக்காட்டைத் தொட்டால் வெளியே வா. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இதுதான்: அம்மோனியா எரியத் தொடங்குவது காற்றில் 15 விழுக்காட்டில். அதன் பத்தில் ஒரு பங்கு 1.5 விழுக்காடு, அதாவது 15,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 15,000 பங்கு). உயிருக்கு உடனடி ஆபத்து என்று கொள்ளும் அளவோ 300 பி.பி.எம். மானி 'பத்து' என்று கத்துவதற்குள் அளவு ஐம்பது மடங்கு தாண்டியிருக்கும். நச்சு வாயுவுக்கு எரிவாயு மானியை நம்பக் கூடாது, அந்தந்த வாயுவுக்குரிய சென்சார் வேண்டும். குளோரினுக்கு உடனடி ஆபத்து அளவு 10 பி.பி.எம். என்பதையும் பலகையில் எழுதி வையுங்கள். எரிவாயுவைக் கணுக்கால் உயரத்தில் அளக்க வேண்டும். அம்மோனியா இயல்பில் லேசானது, ஆனால் திரவமாகக் கொட்டும்போது ஈரக்காற்றோடு சேர்ந்து தரையோடு ஊரும், எனவே கீழேயும் மேலேயும் அளக்க வேண்டும்.

நான்காம் நாள்: கழுவுமிடமும் கருவிகளும்

முதல் ஆள் உள்ளே போகுமுன் கழுவுமிடம் தயாராகி, தண்ணீர் ஓடி, ஆள் நின்றிருக்க வேண்டும். ஆளை அனுப்பிவிட்டு விசில் ஊதும் நேரத்தில் தார்ப்பாய் விரிப்பதைப் பல ஒத்திகைகளில் பார்க்கலாம்.

இரண்டு பெரிய தார்ப்பாய், கலவை போடும் பிளாஸ்டிக் தொட்டி மூன்று, நீண்ட பிடித் தூரிகை நான்கு, சோப்புக் கரைசல், 200 லிட்டர் பேரல் நான்கு, தடித்த பாலிதீன் பை. ஆளுக்கு 100 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்தால் தட்டுப்பாடு வராது. வரிசை இதுதான்: கருவியைப் போடு, முதல் தொட்டியில் நின்று தலையிலிருந்து கீழாகச் சோப்புக் கழுவல், அடுத்த தொட்டியில் அலசல், உடையை உள்பக்கம் வெளியே வருமாறு உரித்தல், கடைசியில்தான் முகமூடி. கழுவிவிடுபவருக்கும் மூச்சுக்கருவி உண்டு. கழுவிய தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் தார்ப்பாய் ஓரத்தை மணல்மூட்டையால் உயர்த்துங்கள். வாயுவில் மாட்டிய பொதுமக்களுக்கு இவ்வளவு தேவையில்லை. உடையைக் களைந்து, நிறையத் தண்ணீர் ஊற்றினாலே பெரும்பகுதி போய்விடும். பெண்களுக்கு மறைப்புத் துணி கட்ட மறந்தால் ஒருவரும் உடை களைய மாட்டார்கள்.

குளோரின் டன்னர் பற்றி ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கசியும் இடம் மேலே வரும்படி உருட்டினால் திரவத்துக்குப் பதில் வாயு மட்டும் வரும், கசிவு பல மடங்கு குறையும். கசிவின்மேல் தண்ணீர் பீய்ச்சினால் அமிலம் உண்டாகித் துளையை அரித்துப் பெரிதாக்கும். அம்மோனியா நனைத்த பஞ்சைக் கிட்டே காட்டினால் வெண்புகை கசிவைக் காட்டிக்கொடுக்கும். டன்னரிலுள்ள உருகு செருகிகள் 70 முதல் 74 டிகிரியில் உருகிக் குளோரினுக்கு வழிவிடும், ஆகவே பக்கத்தில் தீ இருந்தால், கசிவு இல்லாத டன்னரைத் தண்ணீரால் குளிர்விக்கலாம்.

கசிவை அடைக்கும் கருவிப்பெட்டிதான் கிட்: சிலிண்டருக்கு ஏ கிட், டன்னருக்கு பி கிட். பயிற்சியில் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கேஸ்கட்டையும் விரலால் வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்து வெடித்த கேஸ்கட் அங்கேயே முறியும். கிட்டையும் மூச்சுக்கருவியையும் குளோரின் அறைக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கும் இடங்கள் உண்டு. கசிவு வந்தால் அவற்றை எடுக்க அவற்றையே மாட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

திரவ அம்மோனியா தேங்கிக் கிடந்தால் அந்தக் குட்டைமேல் தண்ணீர் விடக் கூடாது, கொதித்து வாயு பொங்கும். நகரும் மூட்டத்தின் மேல்தான் நுண்தெளிப்பு. அந்தத் தண்ணீர் குளத்தில் சேர்ந்தால் மீன் மிதக்கும்.

கைச்சைகைகளை நாலே நாலாகச் சுருக்குங்கள். தொண்டையைப் பிடித்தால் காற்று இல்லை. இரு கையும் தலைமேல் என்றால் உதவி. கூட்டாளியின் மணிக்கட்டைப் பற்றினால் உடனே வெளியேறு. கட்டைவிரல் உயர்த்தினால் நலம்.

நிறுத்தும் சொல் ஒன்றே இருக்கட்டும்: "நிறுத்து" என்று மூன்று தரம். அதைப் பாதுகாப்பு அலுவலர் சொன்னால் கமாண்டரைக் கேட்காமலே எல்லோரும் நிறுத்த வேண்டும். சொன்ன பிறகு காரணத்தைக் கமாண்டரிடம் தெரிவிப்பார்: "சார், காத்து திரும்பிட்டு. ஆளை எடுத்தாச்சு." இதைப் பழக ஒரு வழி உண்டு. பயிற்சியில் பதவியில் மூத்தவரைக் கமாண்டராகவும் இளையவரைப் பாதுகாப்பு அலுவலராகவும் போட்டு, கமாண்டரிடம் ரகசியமாக ஒரு தப்பான உத்தரவு கொடுக்கச் சொல்லுங்கள். இளையவர் நிறுத்துகிறாரா என்று பாருங்கள். முதல் தடவை பாதிப்பேர் நிறுத்த மாட்டார்கள்.

ஐந்தாம் நாள்: முழு ஒத்திகை

காலை 6.30-க்குத் தொடங்கி 10 மணிக்குள் முடியுங்கள். 101, 108, காவல் நிலையம், பக்கத்து ஊர்த் தலைவர் எல்லோருக்கும் முன்கூட்டிச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் ஊரே காலியாகிவிடும். வாயுவுக்குப் பதில் புகைக்குச்சி, அமிலத்துக்குப் பதில் சாயம் கலந்த தண்ணீர். உண்மையான ரசாயனம் ஒரு துளியும் வேண்டாம்.

ஒத்திகையில் பாதுகாப்பு அலுவலராக நடிப்பவர் வேறு, ஒத்திகையின் உண்மையான பாதுகாப்பைப் பார்ப்பவர் வேறு. பின்னவருக்கு வேறு நிற மேலங்கி போடுங்கள், விளையாட்டில் அவருக்குப் பங்கு இல்லை. உண்மையிலேயே யாராவது மயங்கினால் "நிஜம், நிஜம், நிஜம்" என்றதும் எல்லாம் நிற்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத ஒத்திகையில் நடிப்பென்று நினைத்து மயங்கியவரை அப்படியே விட்டுவிடுவார்கள்.

நடுவில் இரண்டு இடி இறக்குங்கள். ஒன்று, காற்று திரும்பியதாக மூங்கிலில் கட்டிய நாடாவை மறுபக்கம் கட்டுவது. முகாமை எத்தனை நிமிடத்தில் மாற்றுகிறார்கள் என்று பாருங்கள். மற்றொன்று, மேலதிகாரி வந்து தலைமையைக் கேட்பது. கைமாற்றம் நேருக்கு நேர்தான் நடக்க வேண்டும்: என்ன பொருள், எங்கே போகிறது, யார் யார் உள்ளே போய் வந்தார்கள், சிலிண்டர்களில் எத்தனை நிமிடக் காற்று மிச்சம், அடுத்து என்ன தேவை. உள்ளே ஆள் இருக்கும்போது தலைமையை மாற்றக் கூடாது. "ஐயா, எட்டு நிமிசத்துல ஆளு வெளிய வந்துருவாங்க, அதுக்கப்புறம் ஒப்படைக்கேன்" என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் தேர்வில் தேற்ற வேண்டும்.

தேறாததற்கான காரணங்களை முன்பே அறிவித்துவிடுங்கள். தலைவர் ஆபத்து வட்டத்துக்குள் கால் வைத்தால் தோல்வி. பாதுகாப்பு அலுவலர் ஸ்பேனரையோ ஓஸையோ தொட்டால் தோல்வி. கழுவுமிடம் தயாராகாமல் ஆள் உள்ளே போனால் இருவருக்குமே தோல்வி. மற்றதெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய தவறுகள்.

ஆண்டுக்கு ஒருமுறை என்று விட்டுவிட்டால் கை மறந்துவிடும். 1989-ஆம் ஆண்டு அபாய ரசாயன விதிகளின்படி ஆலைக்குள்ளான திட்டத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், வெளித் திட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறையும் ஒத்திகை பார்க்க வேண்டும். 1996-ஆம் ஆண்டு ரசாயன விபத்து விதிகள்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்ட நெருக்கடிக் குழு 45 நாளுக்கு ஒருமுறை கூட வேண்டும். அடுத்த ஒத்திகைத் தேதியை அந்தக் கூட்டத்திலேயே குறித்து வாங்குங்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வந்து சேர வேண்டும். அதுவரையிலான மணி நேரங்கள் இந்த ஆறு பேர் கையில்.

ஒத்திகை முடிந்த அன்றே சிலிண்டர்களை நிரப்பி, அழுத்தத்தைப் பதிவேட்டில் எழுதி, உடைகளை நிழலில் உலர்த்தி, ஜிப்புக்கு மெழுகு தடவி வையுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட சிலிண்டர், அடுத்த விபத்தன்று 110 பாரில் கிடக்கும். அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 60 பார் ஒதுக்கினால் மிஞ்சுவது 300 லிட்டர், ஐந்து நிமிடம். உள்ளே போகவே நாலு நிமிடம் ஆகும்.